வெரோனா வட்டரங்கில் ஓர் இரவு

மிலான் நகரிலிருந்து கிழக்கே செல்லும் இரயில் வண்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வெரோனாவை அடைகிறது. வழியில் இடப்புறம் கார்தா ஏரி தோன்றி மறைகிறது. வலப்புறம், கண்ணுக்கு எட்டாத தொலைவில், காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் சிற்றூர் இருக்கிறது. இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்த ஊர் அது. நம் வீரமாமுனிவர் 1680-இல் பிறந்ததும் அதே ஊரில்தான். தேம்பாவணி தந்த அப்பெருமகனார் சிறுவனாக ஓடியாடிய நிலம் இது என்று எண்ணியபோது, அயல்நாட்டுப் பயணம் என்ற உணர்வு அகன்று, உறவினர் ஊரைக் கடந்து போவது போன்ற நெருக்கம் மனத்தில் உண்டாயிற்று. ஏரியின் தென்கரையிலிருந்து நீருக்குள் நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய நிலப்பகுதியை, உடன் வந்த இத்தாலிய அருட்பணியாளர் சுட்டிக்காட்டி, "அதுதான் சிர்மியோனே" என்றார். அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெயர் அன்றிரவே என் உறக்கத்தைப் பறிக்கும் என்பதை அப்போது அறியேன்.

நான் வெரோனாவுக்குச் சென்றது அங்குள்ள உரோமானிய வட்டரங்கத்தைக் காண்பதற்காக. உலகில் உரோமானியர் விட்டுச் சென்ற வட்டரங்கங்கள் பல உள்ளன. பெரும்பாலானவை இடிபாடுகள். வெரோனா அரங்கமோ இன்றும் உயிருடன் இருக்கிறது. கோடைகாலம் வந்தால் இரவுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடி, ஈராயிரம் ஆண்டுப் பழமையான அதே கற்படிகளில் அமர்ந்து இசை நாடகம் காண்கின்றனர்.

வட்டரங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நெஞ்சில் எழுவது ஒரே காட்சிதான். சிங்கத்தின் வாய்க்கு இரையாகும் வேதசாட்சிகள்! குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாளிலிருந்து அக்காட்சி என்னுள் பதிந்துவிட்டது. உரோமை நகரின் கொலோசேயத்தில் பெரிய வெள்ளியன்று திருத்தந்தையர் நடத்தும் சிலுவைப் பாதை அப்பதிவை மேலும் ஆழமாக்கியது. எனவே, வெரோனாவிலும் ஒரு மூலையில் மண்டியிட்டு வேதசாட்சிகளை நினைத்துச் செபிக்க வேண்டும் என்று திட்டமிட்டே சென்றேன். செபித்தேன். ஆனால், திட்டமிட்ட செபத்தை அல்ல.

மணலும் கல்லும்

பியாட்சா பிரா என்னும் அகன்ற சதுக்கத்தில், உணவகங்களின் நிழற்குடைகளுக்கு எதிரே, அரங்கம் நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த கட்டடம். 80-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொலோசேயத்திற்கு மூத்தது என்பர். அருகிலுள்ள வால்போலிசெல்லா மலைப்பகுதியின் வெள்ளையும் இளஞ்சிவப்புமான சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டதால், மாலை வெயில் படும்போது சுவர்கள் செந்நிறம் பூண்டு நிற்கின்றன.

நீள்வட்ட வடிவம். முழுமையாக இருந்த காலத்தில் நீளம் 152 மீட்டர், அகலம் 123 மீட்டர். ஏறத்தாழ 30,000 பேர் அமரலாம். அன்று அது நகர மதிலுக்கு வெளியே இருந்தது. 265-இல் பேரரசர் காலியேனுஸ், படையெடுப்புகளுக்கு அஞ்சி மதிலை விரித்து அரங்கத்தை நகருக்குள் சேர்த்துக்கொண்டார். 1117-ஆம் ஆண்டு சனவரியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் வெளிச் சுற்றுச்சுவரைச் சாய்த்தது. சாய்ந்த கற்களை நகரமக்கள் தங்கள் வீடுகளுக்கும் கோவில்களுக்கும் எடுத்துச் சென்றனர். வெளிச்சுற்றில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே வளைவுகள். அவற்றை 'இறக்கை' என்று ஊரார் அழைக்கின்றனர். பறவையின் மற்ற உறுப்புகள் போய் ஒரு சிறகு மட்டும் நிற்பது போன்ற தோற்றம். ஆனால், 72 வளைவுகள் கொண்ட உட்சுற்று ஈரடுக்காக உறுதியுடன் நிற்கிறது. அதனால்தான் அரங்கம் பிழைத்தது.

உள்ளே நுழைந்தால் கட்டியவர்களின் திறமை விளங்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு வாயில்; ஒவ்வொரு வாயிலிலிருந்தும் ஒரு படிக்கட்டு. பல்லாயிரம் பேர் நெரிசலின்றி உள்ளே வரவும், காட்சி முடிந்தபின் விரைவில் வெளியேறவும் வகை செய்யும் அமைப்பு. 'அரேனா' என்ற சொல்லுக்கே இலத்தீனில் மணல் என்பது பொருள். நடுத்தரையில் மணல் பரப்பியிருந்தனர். சிந்தும் இரத்தத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்; அடுத்த போட்டிக்குமுன் மேலே புதுமணல் தூவினால் போதும். இன்று உலகெங்கும் விளையாட்டுக்கும் இசைக்கும் உரிய அரங்குகளை அரேனா என்றே அழைக்கிறார்கள். இரத்தம் உறிஞ்சிய மணலின் பெயரைத்தான் சொல்கிறோம் என்ற நினைவு யாருக்கும் இருப்பதில்லை.

பிளினியின் கடிதம்

இவ்வரங்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் இளைய பிளினி. காலம் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மாக்சிமுஸ் என்னும் நண்பருடைய மனைவி வெரோனாவைச் சேர்ந்தவர், இறந்துவிட்டார். அவருடைய நினைவாக அந்நகர மக்களுக்கு வாள்வீரர் போட்டி ஒன்றை மாக்சிமுஸ் தம் செலவில் நடத்தினார். நண்பரைப் பிளினி மனமாரப் பாராட்டுகிறார். இத்தனை பேர் ஒருமனமாய்க் கேட்கும்போது மறுப்பது உறுதியன்று, கடினமனமே ஆகும் என்கிறார். ஒரே ஒரு குறையைப் பற்றித்தான் ஆறுதல் சொல்கிறார்: மாக்சிமுஸ் ஏராளமாக வாங்கியிருந்த ஆப்பிரிக்கச் சிறுத்தைகள் கடல் நிலை சரியில்லாததால் உரிய நாளில் வந்து சேரவில்லை!

இறந்த மனைவிக்கு நினைவஞ்சலி. அதற்காகச் சில மனிதர்கள் சாக வேண்டும். இதில் முரண் ஒன்றும் பிளினிக்குத் தென்படவில்லை. அவர் கொடியவர் அல்லர். தம் சொந்த ஊரான கோமோவில் நூலகம் அமைத்தவர். சிறுவர் சிறுமியரின் பராமரிப்புக்கென நிதி ஏற்படுத்தியவர். மென்மையான உள்ளமும் தேர்ந்த நாவும் படைத்தவர். அவரேதான் பின்னர் பித்தினியாவின் ஆளுநராக இருந்தபோது, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் திராயானுக்கு எழுதிக் கேட்டவர். தங்கள் விசுவாசத்தை மறுக்காதவர்களைக் கொலைக்களத்திற்கு அனுப்பியவர். கொடியவர்களால் மட்டுமே வட்டரங்கம் இயங்கியிருந்தால் நாம் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நல்லவர்களும் அங்கே இருக்கை தேடிக்கொண்டார்கள் என்பதே அச்சம் தருவது.

அந்த இருக்கைகளின் ஆற்றலைப் புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலில் நமக்குக் காட்டுகிறார். அவருடைய நண்பர் அலிப்பியுஸ் சட்டம் பயில உரோமை சென்றிருந்தார். வாள்வீரர் போட்டிகளை வெறுத்தவர். தோழர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லவே, உடல்தான் அங்கே இருக்கும், உள்ளம் இராது என்று சொல்லிக் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். ஒரு வீரன் வீழ்ந்தபோது கூட்டம் பேரொலி எழுப்பிற்று. கண்களை மூடியவர் காதுகளை மூடவில்லை. ஆவலால் விழி திறந்தார். அந்தக் கணமே கூட்டத்தில் கரைந்தார். மீண்டும் மீண்டும் வந்தார். பிறரையும் அழைத்து வந்தார். பின்னாளில் தகாஸ்தே நகரின் ஆயராக உயர்ந்த மனிதருக்கே இது நேர்ந்தது.

இதே உண்மையை வேறொரு வகையில் உணர்த்துகிறது தெலெமாக்கியுஸ் துறவியின் வரலாறு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹொனோரியுஸ் பேரரசராக இருந்த நாள்களில், கீழைநாட்டிலிருந்து உரோமை வந்த இத்துறவி, போட்டி நடக்கும் களத்தில் இறங்கிப் போரிடுவோரைத் தடுக்க முயன்றார் என்று வரலாற்றாசிரியர் தெயொதோரேத்து எழுதுகிறார். அவரைக் கொன்றவர்கள் வாள் ஏந்தியவர்கள் அல்லர். தங்கள் கேளிக்கை கெட்டது என்று வெகுண்ட பார்வையாளர்கள் கல்லெறிந்து கொன்றனர். இதனை அறிந்த பேரரசர் அப்போட்டிகளுக்கு முடிவு கட்டினார்.

வெரோனாவின் மாற்றமும் இக்காலத்தை ஒட்டியதே. 4-ஆம் நூற்றாண்டில் இந்நகரின் ஆயராயிருந்த புனித சேனோ, ஆப்பிரிக்காவின் மௌரித்தானியாவிலிருந்து வந்தவர் என்பது மரபு. அவர் பெயரால் விளங்கும் பேராலயத்தில், கருத்த முகத்தில் புன்னகை தவழ அமர்ந்திருக்கும் அவருடைய பழைய கற்சிலையை மாலையில் கண்டேன். பிளினியின் காலத்தில் இந்நகரம் ஆப்பிரிக்காவிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்தவை சிறுத்தைகள். வந்து சேர்ந்தவரோ ஓர் ஆயர்! வரலாற்றில் இறைவனின் கையைக் காணும் மகிழ்ச்சியோடு ஆலயத்தை விட்டு வெளியே வந்தேன்.

1278, பிப்ரவரி 13

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. அரங்கத்தின் வாயிலில் நிற்கையில், "இங்கே வேதசாட்சிகள் இறந்த இடம் எது?" என்று நண்பரைக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். வெரோனாவின் வேதசாட்சிகளான பெர்மு, ருஸ்திக்கு இருவரும் 304-ஆம் ஆண்டளவில் அடிஜே ஆற்றங்கரையில் தலைவெட்டப்பட்டார்கள் என்பது மரபு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த அரங்கத்திற்குள் தங்கள் கொள்கைக்காகச் செத்தவர்களைப் பற்றிக் கேட்டால், நாம் 1278-க்குப் போக வேண்டும். அவர்களைக் கொன்றவர்கள் நம்மவர்கள்" என்றார்.

அந்த வரலாறு இது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சிலும் வட இத்தாலியிலும் கத்தாரியர் என்னும் பிரிவினர் பரவியிருந்தனர். நல்லது ஒன்று, தீயது ஒன்று என இரு மூலங்கள் உண்டு. காணும் பொருளுலகம் தீய மூலத்தின் படைப்பு என்பது அவர்கள் கொள்கை. எனவே, வார்த்தை மனுவுருவானதையும், அருளடையாளங்களையும் அவர்களால் ஏற்க முடியவில்லை. படைத்தவற்றை நல்லவை எனக் கண்ட இறைவனை நம்பும் எவரும் இக்கொள்கையை ஏற்க இயலாது. அது தப்பறை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், அவர்களுள் 'நிறைவுற்றோர்' எனப்பட்டவர்கள் ஊன் உண்ணாமல், ஆணையிடாமல், எளிய வாழ்வு வாழ்ந்தவர்கள். செல்வத்தில் திளைத்த சில திருப்பணியாளரைக் கண்டு மனம் நொந்த மக்கள் அவர்கள்பால் ஈர்க்கப்பட்டதில் வியப்பில்லை.

இதில் வெரோனாவுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 1184-ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை மூன்றாம் லூசியுசும் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவும் இந்நகரில்தான் கூடினர். தப்பறைக் கொள்கையினரை ஆயர்கள் தங்கள் மறைமாவட்டங்களில் தேடிக் கண்டறிந்து, திருந்தாதவர்களை அரசின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணை அப்போது வெளியிடப்பட்டது. விசாரணை மன்றங்களின் வரலாறு இந்த ஆணையிலிருந்தே தொடங்குகிறது என்பர் அறிஞர். கத்தாரியரோடு, பின்னர் வால்தேசியர் என்று அறியப்பட்ட 'லியோன் நகர ஏழைகள்' என்பாரும் அதில் கண்டிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டில் மறைந்த மூன்றாம் லூசியுஸ் வெரோனாப் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த ஆணை கனியாகப் பழுக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கார்தா ஏரியின் சிர்மியோனேயில், அதாவது நான் இரயிலிலிருந்து கண்டு அழகெனச் சொன்ன அதே நிலத்தில், கத்தாரியர் பலர் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1276-இல் வெரோனாவை ஆண்ட தெல்லா ஸ்கலா குடும்பத்தின் படை அங்கே சென்று அவர்களைச் சிறைப்பிடித்தது. ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தபின், 1278 பிப்ரவரி 13 அன்று, ஏறத்தாழ 200 பேர் வெரோனா அரங்கத்தில் உயிரோடு எரிக்கப்பட்டனர்.

நண்பர் சொல்லி முடித்தபோது நான் கற்படியில் அமர்ந்துவிட்டேன். குருமடக் குறிப்பேட்டில் கத்தாரியரின் பிழைகளை எண்ணிட்டு எழுதி மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். இந்த 200 பேரைப் பற்றிய வரி ஒன்றும் அக்குறிப்பேட்டில் இல்லை. பிழைகள் நினைவிலிருந்தன, மனிதர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

அந்தக் காலத்தை இந்தக் காலத்தின் அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கத்தாரியர் பக்கத்திலும் குருதி சிந்தியது உண்மை. வெரோனாவில் கத்தாரியக் குடும்பம் ஒன்றில் பிறந்து, கத்தோலிக்கராகி, புனித தோமினிக் சபையில் சேர்ந்து விசாரணையாளராகவும் பணியாற்றிய புனித பேதுரு, 1252 ஏப்ரல் 6 அன்று கோமோவிலிருந்து மிலானுக்குச் செல்லும் வழியில் கத்தாரியர் ஏவிய கொலையாளிகளால் வெட்டுண்டு இறந்தார். அவரைத் தாக்கிய கரினோ என்பவன் தப்பியோடி போர்லி நகரை அடைந்தான். மனம் வருந்தித் தன் பாவத்தை அறிக்கையிட்டான். அவனைத் தம் இல்லத்தில் ஏற்றவர்கள் யார் தெரியுமா? கொலையுண்டவரின் சபைத் துறவிகளே! பொதுநிலைச் சகோதரராக ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே தவவாழ்வு வாழ்ந்து 1293-இல் மறைந்த அவரை, அப்பகுதி மக்கள் இன்றும் முத்திப்பேறு பெற்றவராக வணங்குகின்றனர்.

எனவே, "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி நாம் தப்பிக்க இயலாது. அதே நூற்றாண்டில், அதே வட இத்தாலியில், அதே நற்செய்தியைப் படித்தவர்கள், கையில் குருதிக் கறையோடு வந்த கொலைகாரனுக்குக் கதவைத் திறந்தார்கள். யாரையும் கொல்லாத மக்களுக்கு வெரோனாவில் நெருப்பு மூட்டப்பட்டது. இரு வழிகளும் அன்றே திறந்திருந்தன.

மெழுகுதிரிகளின் ஒளியில்

இரவு நாடகத்திற்குக் காலையிலேயே நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தோம். எண்ணிடப்படாத மேற்படிகளில் எங்களுக்கு இடம். பகல் வெயிலின் சூடு கல்லில் இன்னும் இருந்தது. வாடகைக்கு வாங்கிய சிறு மெத்தையை விரித்து அமர்ந்தோம்.

அரங்கம் இசைக்குத் திரும்பிய வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் வெர்தி பிறந்து நூறாண்டு நிறைவுற்ற 1913-இல், வெரோனாவில் பிறந்த பாடகர் ஜொவான்னி செனாத்தெல்லோ, தம் நண்பர்களோடு சேர்ந்து ஆகஸ்டு 10 அன்று 'ஆய்தா' என்னும் இசை நாடகத்தை இங்கே அரங்கேற்றினார். கிண்ணம் போன்ற இவ்வமைப்பு மனிதக் குரலை மேற்படி வரையிலும் கொண்டு சேர்க்கும் என்று அவர்கள் கண்டுகொண்டனர். இரு உலகப் போர்களின் ஆண்டுகளில் இசை நின்றது. போர் முடிந்ததும் மீண்டது. 1947 ஆகஸ்டில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மரியா காலஸ் இத்தாலியில் முதன்முதலாகப் பாடியதும் இந்த மேடையில்தான்.

அன்றும் 'ஆய்தா'தான். இருள் கவிந்து இசைக்குழு தயாரானபோது, படிகளில் இருந்தவர்கள் சிறு மெழுகுதிரிகளைக் கொளுத்தினர். இது இங்குள்ள பழைய வழக்கம். ஒன்றிலிருந்து ஒன்றாய்ச் சுடர்கள் பரவின. பாஸ்கா திருவிழிப்பில் நம் ஆலயங்களில் ஒளி பரவுவது போலவே இருந்தது. வேறொரு நாளாயின் அந்த அழகில் மெய்ம்மறந்திருப்பேன். அன்று என்னால் முடியவில்லை. இதே படிகளில் ஒரு பிப்ரவரி நாளில் அமர்ந்தவர்கள் எத்தகைய ஒளியைக் கண்டார்கள் என்ற எண்ணமே வந்து நின்றது. அருகில் யாரோ என் கையிலும் ஒரு மெழுகுதிரியைத் தந்தார். அதைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

நாடகத்தின் கதை பழைய எகிப்தில் நடப்பது. எத்தியோப்பிய அடிமைப் பெண் ஆய்தாவை நேசிக்கும் படைத்தலைவன் ரதாமேஸ், நாட்டைக் காட்டிக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்படுகிறான். அவனுக்குத் தீர்ப்பு வழங்குபவர்கள் கோவில் குருக்கள். மூன்று முறை அவனுடைய குற்றங்கள் படிக்கப்படுகின்றன. மூன்று முறையும் அவன் வாய் திறக்கவில்லை. உயிரோடு கல்லறையில் வைத்து மூடுமாறு குருக்கள் தீர்ப்பிடுகின்றனர். அவனை விரும்பிய அரசன் மகள் அம்னேரிஸ், வெளியே வரும் குருக்களை மறித்து, கடவுளின் பணியாளர் என்று சொல்லிக்கொண்டு குருதியில் நிறைவடையாத இவர்களைச் சபிக்கிறாள். அவர்களோ நடையைக் கூட நிறுத்தவில்லை.

பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கரவொலி எழுப்பினர். என் கைகள் எழவில்லை. என்னைச் சுற்றி இருந்தோரில் யாருக்கும் நான் ஒரு குரு என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது வெரோனாவின் கத்தாரியர் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்த நிகழ்ச்சி. ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் பேச்சு எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டபடி, ஞாயிறு பூசைக்குப்பின் கூட்டம் கூடிற்று. நடுவில் அவள் நின்றாள். நான் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அவளைக் கேட்ட கேள்விகள் நான் கேட்டவை அல்ல. ஆனால், அவற்றை நிறுத்தவும் இல்லை. அமைதியாக இருப்பதே நடுநிலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று. நெருப்பு இல்லை, கல்லறை இல்லை. ஆயினும், நடுவில் ஒருத்தி நின்றாள். சுற்றிலும் பார்வையாளர் இருந்தோம். வட்டரங்கம் கட்ட வால்போலிசெல்லாவின் கற்கள் தேவையில்லை.

கூட்டம் தன்னையே காணும் இடம்

ஜெர்மானியக் கவிஞர் கதே 1786 செப்டம்பரில் இத்தாலிப் பயணத்தின்போது இவ்வரங்கிற்கு வந்தார். வெறுமையாய் இருந்த படிகளின் விளிம்பில் நடந்தபடி, இது காலியாகக் காண வேண்டிய இடமன்று. மக்கள் நிறைந்திருக்கும்போது தங்களையே கண்டு தாங்களே வியக்கும் வண்ணம் அமைக்கப்பட்ட இடம் என்று எழுதினார். கூர்மையான கருத்து. ஆலயத்தில் அனைவரும் ஒரே திசையில் பீடத்தை நோக்குகிறோம். வட்டரங்கில் அமர்பவரோ எதிர்ப் படியில் இருக்கும் கூட்டத்தையும் காண்கிறார். அத்தனை பேரும் ஆர்ப்பரிப்பதைக் கண்டு தானும் ஆர்ப்பரிக்கிறார். அலிப்பியுஸ் வீழ்ந்தது இப்படித்தான்.

ஆனால், கூட்டம் தன்னையே காணும் அந்த ஆற்றல் நன்மைக்கும் உதவக்கூடும். 2024 மே 18 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் வெரோனாவுக்கு வந்தார். நீதியும் அமைதியும் பற்றி உரையாடுவதற்காக ஆயிரக்கணக்கானோர் அரங்கில் கூடியிருந்தனர். அங்கே இருவர் திருத்தந்தையின் முன் வந்து நின்றனர். ஒருவர் இஸ்ரயேல் நாட்டவர். 2023 அக்டோபர் 7 அன்று நிகழ்ந்த ஹமாஸ் தாக்குதலில் தாய் தந்தையை இழந்தவர். மற்றவர் பாலஸ்தீனர், இஸ்ரயேல் படையினரால் தம் சகோதரனை இழந்தவர். இருவரும் ஒருவரையொருவர் தழுவினர். திருத்தந்தை இருவரையும் அணைத்துக்கொண்டார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. வாள்வீரர் மோதுவதைக் காணக் கட்டப்பட்ட களத்தில், மோத வேண்டியவர்கள் என்று உலகம் எண்ணும் இருவர் தழுவி நின்றனர்.

திருச்சபையும் தன் இருக்கையை விட்டு எழுந்திருக்கிறது. 2000-ஆம் யூபிலி ஆண்டில், மார்ச் 12 அன்று, புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தலைமையில் நடந்த மன்னிப்பு வழிபாட்டில், உண்மைக்கு ஊழியம் செய்வதாக எண்ணி இழைத்த பாவங்களும் அறிக்கையிடப்பட்டன. அந்த வேண்டலை அறிமுகம் செய்து வாசித்தவர், பின்னர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டான கர்தினால் ராட்சிங்கர். வெரோனாவில் 1184-இல் கண்டிக்கப்பட்ட வால்தேசியரின் வழித்தோன்றல்களைத் தேடி, 2015 ஜூன் 22 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தூரின் நகரிலுள்ள அவர்களது கோவிலுக்கே சென்றார். நாம் செய்த கிறிஸ்தவமற்ற, மனிதமற்ற செயல்களுக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இடையில் 831 ஆண்டுகள் கடந்திருந்தன. கத்தாரியருக்கோ வழித்தோன்றல் எவரும் இல்லை. மன்னிப்புக் கேட்கச் செல்வதற்கு ஒரு வாசல்கூட மீதியில்லாதபடி அவர்கள் அழிந்துபோயினர்.

பாவத்தை ஒத்துக்கொள்வதால் திருச்சபையின் மாட்சி குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் நாம் மார்பில் அறைந்துகொள்கிறோம். அதனால் நாம் சிறுத்துப்போவதில்லை. பீடத்தை அணுகத் தகுதி பெறுகிறோம். வேதசாட்சிகளை வணங்கும் உரிமை நமக்கு உண்டு. அவர்களைப் போல் நடுவில் நின்று செத்தவர்கள் நம்முள் இருந்தார்கள் என்பது நம் பெருமை. படிகளில் அமர்ந்து பார்த்தவர்களும் நம்முள் இருந்தார்கள் என்பது நம் கடன். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடனை விட்டுவிட முடியாது.

நாடகத்தின் இறுதிக் காட்சியில் ஆய்தாவும் ரதாமேசும் மூடிய கல்லறைக்குள் ஒன்றாய் மடிகின்றனர். மேலே கல்லின்மீது மண்டியிட்டு அம்னேரிஸ் அமைதிக்காக மன்றாடுகிறாள். அந்த மன்றாட்டோடு இசை அடங்குகிறது. நள்ளிரவு தாண்டிவிட்டது. மக்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமையான வாயில்கள் வழியே நெரிசலின்றி வெளியேறினர். நண்பர் மெத்தைகளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார்.

நான் சற்று நேரம் படியிலேயே இருந்தேன். சிர்மியோனேயிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த 200 பேரையும் நினைத்துச் செபித்தேன். அவர்கள் பெயர்கள் எனக்குத் தெரியா. இறைவன் அறிவார். பிறகு, பெயர் தெரிந்த ஒருத்திக்காகவும் செபித்தேன். ஊர் திரும்பியதும் அந்தக் குடும்பம் இருக்கும் இடத்தை விசாரித்து ஒரு கடிதம் எழுதினேன். எண்ணூறு ஆண்டு காத்திருக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. போவதற்கு இன்னும் ஒரு வாசல் இருக்கிறது.